சின்ன ர

பீன்ஸுக்கு நார் எடுத்துக்கொண்டிருந்தபோது பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. என் கை ஈரமாக இருந்ததால் கணவர்தான் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கையில் செய்தித்தாள், கண் அதில்தான். பேசியது புதிதாகச் சேர்ந்திருக்கும் மெய்ப்பு பார்க்கும் பெண். பிழை கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தை மரியாதைக்குள் அடக்கி வைத்திருந்த குரல். அந்தச் சந்தோஷம் எனக்குப் பழக்கமானதுதான்.

“மேடம், உங்க நாவலோட புதுப் பதிப்ப நான்தான் பாக்குறேன். எல்லாம் முடிஞ்சிருச்சு. கடைசி வரியில மட்டும் ஒரு சந்தேகம், கேக்கலாமா?”

“கேளும்மா.”

“‘மூன்றாம் மாடி வரை ஏறி, கதவைத் தட்டாமல் நின்றவள், இரங்கினாள்’னு இருக்கு. சின்ன ர. அது பெரிய றவா இருக்கணுமோ? மாடி ஏறினவங்க இறங்கத்தானே செய்வாங்க? இல்ல, நீங்க வேணும்னே போட்டதா?”

கணவர் செய்தித்தாளைத் தாழ்த்தினார். முப்பத்தோரு வருஷமாக யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது என்றாள். அதற்குள் சொல்கிறேன் என்றேன். அன்று சனிக்கிழமை.

விஷயம் இதுதான். நான் எழுதியது பெரிய ற. என் கதாநாயகி அப்பாவைப் பார்க்க மூன்று மாடி ஏறிப் போகிறாள், கதவருகே நிற்கிறாள், பார்க்காமலே கீழே போய்விடுகிறாள். இறங்கினாள், அவ்வளவுதான். அச்சில் வந்தது சின்ன ர. இரங்கினாள், அதாவது மனம் இளகினாள், மன்னித்தாள். ஓர் எழுத்து மாறியதில் நாவலே தலைகீழாகிவிட்டது. புத்தகம் கடைக்குப் போய்ச் சில வாரம் கழித்து என் பிரதி கைக்கு வந்தபோதுதான் கடைசிப் பக்கத்தில் அதைப் பார்த்தேன். திருத்தம் போடச் சொல்லி மறுநாள் பதிப்பாளரிடம் ஓடினேன். அவரோ வாசலிலேயே ஒரு பத்திரிகையை நீட்டினார். ‘இறங்கினாள் என்று எதிர்பார்க்கும் கண்ணுக்கு இரங்கினாள் என்று தந்திருக்கும் அந்த ஓர் எழுத்துக்காகவே இந்த ஆசிரியரைக் கொண்டாடலாம்’ என்று மதிப்புரை. நான் வாயைத் திறக்கவில்லை. அன்று மூடிய வாய்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இருபத்தெட்டு வருஷம் நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ‘பெரிய ற டீச்சர்’. அறைக்கும் அரைக்கும், கறைக்கும் கரைக்கும் வித்தியாசம் தெரியாதவர்களை நூறு தடவை எழுத வைப்பேன். இப்போதும் பழைய மாணவர்கள் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முதல் வேலையாகக் கையெழுத்தை ஒளித்து வைப்பதுபோல் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த பேரெல்லாம் ஒரு ரகரப் பிழையால் வந்தது.

பிழை யாருடையது என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நாவலைத் தட்டச்சு செய்து தந்தது என் தங்கை. ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தாள். விரல் புயல் மாதிரிப் போகும், ஆனால் ர, ற மட்டும் அவளுக்குப் பிறவியிலேயே தகராறு. சிறுவயதில் அப்பா அவள் நோட்டைப் பார்த்துவிட்டுச் சிரிப்பார். “விடு, பெரியவளுக்குப் பெரிய ற, சின்னவளுக்குச் சின்ன ர” என்பார். நாவலுக்குப் பரிசு கிடைத்த அன்று நான் அவளைக் கட்டிக்கொண்டு, “உன் தப்புதான்டி என்னைக் காப்பாத்திச்சு” என்று சொன்னேன். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு வகுப்பில் உதாரணம் தேவைப்பட்டபோதெல்லாம், “என் தங்கச்சி பஸ்ஸிலேருந்து சின்ன ர போட்டுத்தான் இரங்குவா” என்று அவளை இழுத்து வந்து நிறுத்தியிருக்கிறேன். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

ஓய்வுபெற்ற பிறகு சனிக்கிழமைகளில் நூலகத்து மாடியில் கதை எழுத வகுப்பு எடுக்கிறேன். எட்டுப் பேர் வருகிறார்கள். எழுதக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று கேட்டால் முடியாது என்றுதான் சொல்வேன். எழுதியதை அடிக்கக் கற்றுக்கொடுக்கலாம். ஒரு பக்கம் எழுதினால் அதில் எந்த மூன்று வரி பொய் என்று காட்டலாம். ஒவ்வொரு வருஷமும் முதல் வகுப்பிலேயே யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “வீட்டு விஷயத்த எழுதலாமா டீச்சர்?” அதற்கு என்னிடம் தயார் பதில் உண்டு. “பேர மாத்துங்க, ஊர மாத்துங்க, முடிஞ்சா உங்களையும் மாத்துங்க.” எல்லோரும் சிரிப்பார்கள். அது பதில் இல்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அன்றைய வகுப்புக்குப் போகும் வழியெல்லாம் அந்தப் பெண்ணின் கேள்விதான் மண்டைக்குள் குடைந்துகொண்டிருந்தது. போதாக்குறைக்கு அன்றைய பாடம் கடைசி வரி. போன வாரமே சொல்லி வைத்திருந்ததால் எல்லோரும் என் நாவலின் கடைசி வரியை எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள். எங்கள் வகுப்பில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதலில் ஆரம்பித்தார். “டீச்சர், முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன். என் வண்டியிலேருந்து லட்சம் பேரு இறங்கியிருக்காங்க. ஒருத்தரும் சின்ன ர போட்டு இரங்கினதில்ல.” சிரிப்பு அடங்கியதும் நர்ஸாக இருக்கும் பெண் கேட்டாள்.

“அந்த எழுத்து எப்ப தோணுச்சு உங்களுக்கு? எழுதும்போதா, திருத்தும்போதா?”

“அது தானா வந்துச்சும்மா” என்றேன். பொய் இல்லை, உண்மையும் இல்லை. அவள் அதை நோட்டில் குறித்துக்கொண்டாள். குறித்துக்கொண்ட விதத்தைப் பார்த்தபோது எனக்கு அவமானமாக இருந்தது. இவர்கள் பக்கத்தில் பொய் வரிகளைத் தேடுகிறவள், என் சொந்த வரியை என்ன செய்து வைத்திருக்கிறேன்?

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அப்பா தபால் அலுவலகத்தில் இருந்தார். ஆனால் பேச்செல்லாம் புத்தகம்தான். வாரம் ஒருநாள் மாலையில் நான்கு நண்பர்கள் வீட்டுக்கு வருவார்கள், ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். வீட்டில் யாரும் கொச்சையாகப் பேசிவிடக் கூடாது. ‘எறங்கு’ என்று சொன்னால் “இ, இ, இறங்கு” என்று வாயைத் திருத்துவார். அந்தச் சொல்லிலாவது எங்களுக்கு இ சுத்தமாக வந்தது. பெரிய ற மட்டும் அவர் உள்பட யார் வாயிலும் வரவில்லை. பேச்சில் அதற்கும் சின்ன ரவுக்கும் யார்தான் வித்தியாசம் காட்டுகிறார்கள்?

எனக்குப் பத்தொன்பது வயதில் முதல் கதை எழுதினேன். தனியாக இருக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், கணவன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் பாட்டை நிறுத்திவிடுவாள். அதுதான் கதை. அம்மா ஒரு மத்தியானம் துணி மடித்தபடி என்னிடம் சொன்னது அது. “உங்கப்பா வந்துட்டா எனக்குப் பாட்டு வர மாட்டேங்குது. ஏன்னே தெரியல.” வேறு யாரிடமும் அம்மா அதைச் சொல்லியிருக்க மாட்டாள். அப்பா என் நோட்டை எப்படியோ கண்டெடுத்து, மகள் கதை எழுதியிருக்கிறாள் என்ற பெருமையில், நண்பர்களுக்கு உரக்கப் படித்தார். பாதியில் அவர் குரல் இறங்கியது. ஆனால் நிறுத்தவில்லை. ஒருவர் சிரித்தார். அம்மா டீத் தட்டோடு சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா என்னிடம் எதையும் சொல்லவில்லை. பாடவும் இல்லை. நான்கு வருஷத்தில் போய்ச் சேர்ந்தாள். நான் அப்பாவோடு பேச்சை நிறுத்தினேன். கல்யாணமாகி, குழந்தை பிறந்து, பதினோரு வருஷம் அவர் முகத்தில் விழிக்கவில்லை. மகள் நோட்டைத் திருடிப் படித்தவர் என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்த நோட்டில் அதை எழுதியவள் யார் என்பதை மட்டும் என்னையே நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்டிருந்தால் அன்றே பேனாவை மூடி வைத்திருப்பேன்.

தங்கைதான் அப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. அப்பாவுக்கு முடியவில்லை, வந்துவிட்டுப் போ என்று அவள் சொல்லி அனுப்பியபோது போனேன். மூன்று மாடியும் ஏறினேன். கதவுக்கு முன்னால் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தட்டக் கை வரவில்லை. இறங்கி வந்துவிட்டேன். ஆறாம் நாள் அப்பா போய்விட்டார். இதை என் கணவரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இரண்டு வருஷம் கழித்து நாவலாக எழுதினேன். எல்லோரும் கற்பனை என்றார்கள். எழுதும்போது அழுத அழுகையே போதும் என்று, டைப் ஆகி வந்த கடைசிப் பக்கத்தை மட்டும் நான் திரும்பப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவரிடம், “ஏங்க, மேல இருக்குற பழைய பெட்டிய இறக்கணும்” என்றேன். தட்டச்சுப் பிரதி அதில்தான் இருந்தது. பிழை தங்கையுடையது என்பதைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால், அது டைப்பிங் தப்பு, திருத்திவிடு என்று அந்தப் பெண்ணிடம் நிமிர்ந்து சொல்லிவிடலாம். கொண்டாடியவர்கள் எல்லாம் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் நினைக்கட்டும். இந்த வயதில் இன்னும் எத்தனை பேரிடம் ‘தானா வந்துச்சு’ என்று சொல்லிக்கொண்டிருப்பது?

“நான் ஸ்டூல்ல ஏறுறேன், நீ புடிச்சுக்கோ” என்றார் கணவர். “பெட்டி என் தலையில விழுந்தா உனக்கு அடுத்த நாவல் ரெடி.”

“அதுக்கு யாரு டைப் பண்றது?”

“உன் தங்கச்சி இருக்காளே. ‘பெட்டியை இரக்கினார்’னு அடிப்பா.”

இரண்டு பேரும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அவள் அப்படித்தான், எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்த சிரிப்பு.

பிரதி பழுப்பேறியிருந்தது. பக்கத்துக்குப் பக்கம் என் சிவப்பு மை. ‘அரையில் விளக்கு எரிந்தது.’ ‘அவள் மரந்துபோனாள்.’ ஒரு பஸ் காட்சியில் ஒரே பக்கத்தில் நான்கு பேர் ‘இரங்கி’யிருந்தார்கள். நான்கையும் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் சிவப்பு இல்லை. கடைசி வரியில் அந்தச் சொல் இருந்தது. சின்ன ர. நினைத்தபடிதான். பெட்டியை மூடப்போனவளுக்கு விரலில் ஏதோ தட்டுப்பட்டது. அந்த எழுத்து மட்டும் காகிதத்தில் சற்று மேடாக இருந்தது. தப்பை மறைக்கப் பூசும் வெள்ளை மை. காய்ந்து, ஓரத்தில் மயிரிழையாக வெடித்திருந்தது. அதன் மேல் அடித்த ர.

ஜன்னலுக்குப் போய்ப் பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தேன். அடியில் இன்னொரு எழுத்து மங்கலாகத் தெரிந்தது. பெரிய ற.

ஒரு நாவல் முழுவதும் தப்பாகவே போட்டவள், அந்த ஓர் இடத்தில் சரியாகப் போட்டிருக்கிறாள். போட்டுவிட்டு, அதை அழித்து, தப்பாக்கியிருக்கிறாள். கணவர் என் தோளுக்கு மேலிருந்து பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பு இல்லை.

“போய்க் கேளு” என்றார்.

தங்கை இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். மாதம் இரண்டு முறையாவது போவேன். அன்று போனபோது செடித்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தட்டச்சு இயந்திரம் மூலையில் உறை போட்டபடி இருக்கிறது, அதன் மேல் ஒரு செடித்தொட்டி. நான் பக்கத்தை மேஜையில் வைத்தேன். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். பிறகு அந்த எழுத்தை நகத்தால் மெதுவாகத் தொட்டாள்.

“முப்பது வருஷமா இத நீ பாக்கவே இல்லையா?”

“கடைசிப் பக்கத்த நான் பாக்கலடி.”

“நீ பாத்துத் திருத்திடுவேன்னுதான் நெனச்சேன். புக்குல அப்படியே வந்ததும், சரி, அக்காவுக்குப் புரிஞ்சிடுச்சு, ஒத்துக்கிட்டான்னு நெனச்சேன். அப்புறம் நீ வந்து உன் தப்புதான்டின்னு கட்டிப் புடிச்சியா, ஒண்ணுமே புரியல எனக்கு. சிரிச்சு வச்சேன்.”

“எதுக்கு மாத்தினே?”

எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். அவள் எப்போதும் பேச்சுக்கு முன்னால் தண்ணீர் குடிப்பவள்.

“அன்னிக்கு நீ வந்தது எங்களுக்குத் தெரியும்க்கா. நீ ரெண்டு படி ஏறி ஒரு படி நிப்பே, சின்ன வயசுலேருந்தே. அப்பா கட்டில் இங்க, கதவுகிட்டதான் கெடந்துச்சு. நீ ரெண்டாவது மாடி வரும்போதே சொல்லிட்டாரு, பெரியவ வர்றான்னு. நான் கதவத் தொறக்க ஓடினேன். வேணாம்னுட்டாரு. அவளாத் தட்டட்டும்னாரு. நீ அந்தப் பக்கம் நின்னே, நாங்க இந்தப் பக்கம் இருந்தோம். மூச்சு விடக்கூட பயமா இருந்துச்சு எனக்கு. அப்புறம் சத்தம் தள்ளிப் போச்சு. என்னாச்சுன்னு கேட்டாரு. நான் ஜன்னல் வழியாப் பாத்துட்டு, இறங்கிட்டாப்பான்னு சொன்னேன்.”

நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன்.

“அப்பா கதவப் பாத்தாரு. அப்புறம், ‘இரங்கிட்டாளா?’ன்னாரு. ‘அது போதும். இரங்கிட்டா’ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. முகத்தப் பாத்தப்பதான் அவரு என்ன சொல்றாருன்னே எனக்குப் புரிஞ்சுது. திருத்தல நான். அஞ்சு நாளும் அந்த ஒரு வார்த்தையத்தான் வச்சுக்கிட்டிருந்தாரு. டாக்டர்கிட்டகூடச் சொன்னாரு, பெரியவ வந்தா, இரங்கிட்டான்னு.”

“தப்பாப் புரிஞ்சுக்கிட்டாரா? இல்ல, வேணும்னேவா?”

“எனக்குத் தெரியாது. அவருகிட்டப் போய் எந்த ரன்னு கேக்க முடியுமா?” கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “நீ எழுதினத மொதல்ல அப்படியேதான் அடிச்சேன். மத்த எடமெல்லாம் எனக்குத் தெரியாமப் போட்டது. அந்த எடத்துல பெரிய றன்னு எனக்கு நல்லாத் தெரியும். பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பாவோட கடைசி வார்த்த இல்லாம அவரோட கதை முடியக் கூடாதுன்னு தோணுச்சு. மாத்திட்டேன்.”

“இத்தன வருஷமா ஏன்டி என்கிட்டச் சொல்லல? வகுப்புல உன்ன வச்சு எத்தன...”

“தெரியும். உன் ஸ்டூடண்ட் ஒருத்தி எங்க ஆபீஸ்ல வேலைக்குச் சேந்தா. பஸ்ஸிலேருந்து இரங்குற தங்கச்சி நீங்கதானான்னு கேட்டா.” சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “சொன்னா நீ எழுதிடுவே. அம்மா சொன்னத எழுதின மாதிரி.”

நாற்பத்தைந்து வருஷமாக நான் அப்பாவின் மேல் ஏற்றி வைத்திருந்ததை அவள் ஒரு வரியில் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டாள். கோபமே இல்லாமல் வைத்தாள். அழுகை வந்தது, அழுதேன். அவள் தடுக்கவில்லை. டீ போட்டுக் கொண்டுவந்தாள்.

டீ குடித்துவிட்டு அங்கிருந்தே மெய்ப்பு பார்க்கும் பெண்ணைக் கூப்பிட்டேன்.

“சின்ன ர அப்படியே இருக்கட்டும்மா.”

“நெனச்சேன் மேடம். அப்ப நீங்க வேணும்னே போட்டதுதான், இல்ல?”

“வேணும்னே போட்டதுதான். ஆனா நான் போடல. சின்னவ போட்டது.”

“யாரு மேடம்?”

தங்கை வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினாள். நான் அவள் யார் என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அந்த நர்ஸ் பெண்ணிடமும் சொல்லி, நோட்டில் அந்த வரியை அடிக்கச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது வாசல் வரை வந்தாள். “இதையும் எழுதப் போறியா?” என்று கேட்டாள்.

“எழுதவா?”

அவள் மூலையில் இருந்த செடித்தொட்டியைப் பார்த்தாள். “விரலெல்லாம் மரத்துப் போச்சுக்கா. இப்ப அடிச்சா எல்லா ரவும் தப்பாத்தான் வரும்” என்றாள். அது சம்மதமா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

இறங்கத் தொடங்கினேன். இப்போதெல்லாம் முழங்கால் சொன்னபடிதான் கேட்க வேண்டும், ஒவ்வொரு படியாக, இடது காலை முதலில் வைத்து. இரண்டாம் மாடித் திருப்பத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இங்கே வரும்போதுதான் அப்பா என் காலடியைக் கேட்டிருக்கிறார். மேலே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தத்தோடு தங்கையின் குரல் வந்தது.

“அக்கா, இறங்கிட்டியா?”

பழக்க தோஷத்தில் பெரிய ற போட்டு எழுதிவிட்டேன். என் காதில் எந்த ர விழுந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேலே திரும்பினேன். இரண்டு படி ஏறி ஒரு படியில் நின்றேன். மறுபடி இரண்டு படி ஏறினேன். மேலே குழாய் நின்றது. கதவு திறந்தேதான் இருந்தது. நேராக உள்ளே போயிருக்கலாம். நான் வெளியிலேயே நின்று, விரலை மடக்கி, திறந்திருந்த கதவின் மேல் இரண்டு முறை தட்டினேன்.